ஆறு அங்குல அரங்கு

2020 ஜூலையிலிருந்து 12 வாரங்கள் நான் நாடகம் படித்தேன். ‘படித்தேன்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். மார்ச் 25 முதல் ஊர் அடங்கிக் கிடந்தது. வங்கிக்கு மட்டும் விடுப்பில்லை. முகக்கவசத்துடன் பணம் எண்ணிவிட்டு மாலையில் வீடு திரும்பினால், குளச்சல் கடற்கரையில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காது. அந்த நாட்களில் வெளியூர்க் கல்லூரி ஒன்று நாடகக் கலைக்கு அறிமுகமாக ஒரு பாடத்தை இணையம் வழியே நடத்தப்போவதாக அறிந்து, பணம் கட்டிச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மாலைகளில் ஸூம் வழியே வகுப்பு. வார நாட்களில் பார்ப்பதற்குப் பதிவு செய்யப்பட்ட நாடகங்கள், வாசிக்கச் சில பக்கங்கள், சரியான விடையைக் குறிக்கச் சொல்லும் கேள்விகள். முடிவில் ஒரு தனிமொழியை நடித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு மொபைல். அதன் திரை ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல்.

இந்த அனுபவத்தை விவரிப்பது மட்டும் என் நோக்கமல்ல. அது கிளப்பிய ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் நாடகம் எப்படிக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்க விரும்புகிறேன். கேள்வியும் என்னுடையதல்ல. கணக்குப் புத்தகத்தில் பதிவு போட வங்கிக்கு வரும் பெரியவர் ஒருவருடையது. கட்டுமரத்தில் போய் வந்தவர். இளமையில் தேவசகாயம் பிள்ளை நாடகத்தில் பட்டாளக்காரனாக நின்றவர். நான் மொபைலில் நாடகம் படிப்பதாக உடன் வேலை செய்பவர் கிண்டலாகச் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்: “அப்பம் எதிரே நிக்கது ஆரு சாரே?”

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

1

அந்தப் பெரியவர் நடித்த நாடகத்தின் கதை ஒரு வகையில் எங்கள் ஊரில் தொடங்குகிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அதையடுத்துப் பிடிபட்ட டிலனாய், பிறகு அந்த ராஜாவுக்கே தளபதியாகி, உதயகிரியில் இருந்துகொண்டு திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பியப் பாணியில் பயிற்சி கொடுத்தார். அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை அவர் மூலம் கிறிஸ்துவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார். 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-இல் ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பக்கத்து ஊர்கள் அவரை நாடகமாக்கி ஆடியிருந்தன. ஸ்தாபனம் ஒருவரை ஏற்பதற்கு முன் மேடை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

பெரியவரிடம் பிறகொரு நாள் எப்படிப் பழகினீர்கள் என்று விசாரித்தேன். “மூணு மாசம் ராத்திரி ராத்திரி. எனக்கு ஒத்தப் பாட்டுதான். பாட்டெல்லாம் ஒரு நாளையில படிச்சாச்சு. ஆனா அதைச் சொல்லதுக்கு முன்ன, எதிரே நிக்கவனுக்க மூச்சப் பாக்கணும்னு ஆசான் சொல்லுவாரு. அதுக்குத்தான் மூணு மாசம்” என்றார். நான் சேர்ந்திருந்த வகுப்பும் மூன்று மாதம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தப் பயிற்சியைப் பாடத்திட்டமில்லாத கிராமத்துப் பழக்கம் என்று நினைப்பது தவறு. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியார் கற்பிக்கும் முறையைப் பாருங்கள். ஊர் கூடி, யாருக்கு எந்த வேஷம் என்று தீர்மானித்து, பாடவேண்டிய பகுதியை ஒப்படைப்பது ‘சட்டம் கொடுத்தல்’. பிறகு களரியில் ஆட்டமும் பாட்டும் பழகுவது. வாரந்தோறும் பழகியதை ஆடிக்காட்டுவது ‘கிழமைக் கூத்து’. ஓரளவு தேறிய பிறகு காலில் சதங்கை கட்டுவதற்கென்றே ஒரு விழா. கூத்து முழுவதையும் ஒருசேர ஓட்டிப் பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’. அதன் பின்தான் அரங்கேற்றம். அதோடும் முடிவதில்லை, வீட்டுக்கு வீடு போய் ஆட வேண்டும். படிப்படியான சோதனைகள் கொண்ட முறைதான் இது. வேறுபாடு ஒன்றே. இங்கே ஒவ்வொரு சோதனையையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள், நாளை உங்களோடு ஒரே ஊரில் வாழப் போகிறவர்கள்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். 1964-இல் ‘இராவணேசன்’ மேடையேறியபோது இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. கிராமத்துக் களரியும் பல்கலைக்கழக வகுப்பும் ஒன்றையொன்று முகம் பார்த்த தருணம் அது. தமிழ்நாட்டில் நமக்கு அப்படியொரு தருணம் வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. நாம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தோம்.

2

அந்த வேறு வழி புத்தகம்.

1891-இல் பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ வெளியிட்டார். அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். எங்கள் நாஞ்சில் நாடு அப்போதும், 1956 நவம்பர் 1 வரையிலும், திருவிதாங்கூரைச் சேர்ந்தது. லிட்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கதையை ஆதாரமாகக் கொண்ட இந்தச் செய்யுள் நாடகம் மேடையைவிட வாசிப்பையே நம்பி நின்றது. இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. இதன் கடவுள் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதுதான், 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021-இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. நாடகம் தொடங்குவதற்கு முந்தைய வணக்கத்துக்காகத் தமிழர் எல்லோரும் எழுந்து நிற்கிறோம். பிறகு, நாடகம் தொடங்காமலேயே உட்கார்ந்துவிடுகிறோம்.

1897-இல் பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ எழுதினார். நாடகத்துக்குச் செய்யுளில் இலக்கணம். விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’ 1926-இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் மரபையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த நூல். விபுலாநந்தர், ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே, இலங்கையில் இருந்தபடி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். 1858 முதலே அந்தப் பல்கலைக்கழகம் கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வெழுத வழி திறந்து வைத்திருந்தது. எனவே தொலைவிலிருந்து படிப்பது நேற்று வந்த விஷயமல்ல. தமிழில் நாடகக் கலை பற்றிய முக்கியமான நூல் ஒன்றை எழுதியவரே அப்படிப் படித்தவர்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நமது நாடகச் சிந்தனையின் ஒரு கிளை ஆரம்பத்திலிருந்தே தபால் வழியில் வந்தது என்பதைக் குறிப்பிடுகிறேன்.

அந்தக் கிளையில் தொங்கிக்கொண்டிருப்பவன் நான். பி.ஏ. ஆங்கில இலக்கியம். ‘மாக்பெத்’தை வரிவரியாகப் படித்தேன். கத்தி ஒன்று காற்றில் தெரியும் காட்சிக்கு மூன்று விமர்சகர்களின் வியாக்கியானங்களைத் தேர்வில் எழுதினேன். அந்தக் காட்சியில் நடிகன் எங்கே நிற்பான், எந்தப் பக்கம் திரும்புவான் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஷேக்ஸ்பியர் ஒரு கம்பெனியில் பங்குதாரர், நடிகர், தெரிந்த நடிகர்களின் உடலுக்கும் குரலுக்கும் எழுதியவர் என்பது ஒரு மதிப்பெண் விஷயமாக மட்டும் தெரிந்திருந்தது.

பிறகு பத்து வருடமாக இதைப் போன்ற பத்திரிகைகளில் நாடக விமர்சனம் எழுதிவருகிறேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை அச்சிட்ட பிரதியைப் பற்றியவை. பார்க்காத நாடகங்களைப் பற்றி, பார்த்தவர்களின் தொனியில் எழுதியிருக்கிறேன். இதில் நான் தனியாளும் அல்ல. நம் நவீன நாடகமே சிறுபத்திரிகைப் பக்கங்களில் பிறந்தது. ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ முதலில் ‘நடை’யில் அச்சானது. மேடைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் பத்திரிகைதான் மேடை. ஆனால் முத்துசாமி அங்கே நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். கூத்தைத் தேடிப் போனார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். நாம் பக்கத்தோடு நின்றுவிட்டோம்.

3

புத்தகத்துக்கு வெளியே, அதே காலத்தில், இன்னொரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் நாடகக் கம்பெனி. ஆசிரியரின் பெயர் ‘வாத்தியார்’.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது டி.கே. ஷண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததை ஷண்முகம் தமது ‘எனது நாடக வாழ்க்கை’யில் சொல்கிறார். ஒரு மாணவனின் குரலையும் உயரத்தையும் கண்முன் வைத்துக்கொண்டு பாடப் புத்தகத்தையே எழுதிய ஆசிரியர். பின்னாளில், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்து, கொட்டகையில் தின்பண்டம் விற்றுத் திரிந்த ஒரு பையன் இந்தச் சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து என்.எஸ். கிருஷ்ணன் ஆனார். எங்கள் மாவட்டம் நாடகத்துக்குக் கொடுத்த பெரிய மாணவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல.

இந்தப் பள்ளியை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. பாலர் கம்பெனி என்பது குழந்தைகளின் உழைப்பில் நடந்த வியாபாரம். வீட்டை விட்டுப் பிரிந்த பிள்ளைகள் அடி வாங்கிப் பாடம் பண்ணினார்கள். மகரக்கட்டு உடைந்து குரல் போனால் ஸ்திரீபார்ட் பையனின் கதி என்ன என்று யாரும் கவலைப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும், கம்பெனியில் ஒருவன் தனியாக எதையும் கற்க முடியாது. ராஜபார்ட் பாடும்போது எப்படி நிற்பது என்று சேவகன் கற்றாக வேண்டும். ஒருவன் வரியை மறந்தால் மற்றவன் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பாடத்தின் பெயரே கூட்டு வாழ்க்கை.

எதிர்முனையில் இருந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். படித்தவர், பின்னாளில் நீதிபதி. கூத்தாடிகளை மதிக்காத வர்க்கத்தில் பிறந்தவர். 1891-இல், பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியார் குழுவினரின் தெலுங்கு நாடகங்கள் அவரை உலுக்கிவிட்டன. படித்தவர்களும் நாடகமாடலாம் என்று கண்ட அந்த 18 வயது இளைஞர் அடுத்துச் செய்தது என்ன? புத்தகம் தேடிப் போகவில்லை. அதே வருடம் நண்பர்களைச் சேர்த்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்ற நூலை அவர் எழுதியது பல வருடங்கள் கழித்து, மேடையில் நின்று தேய்ந்த பிறகு.

இதே சமயத்தில் உலகத்தின் மறுபக்கத்தையும் ஒரு கணம் பார்ப்பது பயனுள்ளது. கல்லூரியில் நாடகம் என்ற பாடத்துக்கு வழி போட்டவர்களில் ஒருவர் ஹார்வர்டின் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர். ஆங்கிலத் துறையில் அவர் நடத்திய நாடக எழுத்து வகுப்பின் எண் 47. வகுப்பில் எழுதியதை வகுப்பிலேயே வாசித்துவிட்டுப் போவது அவருக்குப் போதவில்லை. ‘47 பட்டறை’ என்று ஒன்றை உண்டாக்கி, மாணவர்களின் நாடகங்களை மேடையேற்றினார். பார்க்க வருபவர்கள் அழைக்கப்பட்டவர்கள். பார்த்ததைப் பற்றி விமர்சனம் எழுதித் தரவேண்டும் என்பது அவர்களுக்கு நிபந்தனை. 1914-இல் அங்கே சேர்ந்தவர் யூஜின் ஓநீல். பார்வையாளனையும் பாடத்துக்குள் இழுத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டை ஹார்வர்ட் முழுமனதாக ஆதரிக்காததால், 1925-இல் பேக்கர் யேலுக்குப் போய்விட்டார். எண் பெற்ற ஒரு வகுப்பு, கூட்டமாக மாற முயன்றபோதுதான் ஸ்தாபனத்துக்குத் தலைவலி ஆயிற்று.

4

தமிழ்நாட்டில் புத்தகமும் களரியும் சந்தித்த தருணம் 1977. காந்திகிராமத்தில், தேசிய நாடகப் பள்ளியின் துணையுடன் 70 நாள் பட்டறை. பின்னால் இருந்து உழைத்தவர் சே. இராமானுஜம். அவர் அல்காஜியிடம் தில்லியில் படித்தவர், அதே சமயம் காந்திகிராமத்தில் ஆசிரியர். தில்லியிலிருந்து பன்சி கௌல் வந்தார். கேரளத்திலிருந்து, 1967-இல் சாஸ்தாங்கோட்டையில் நாடகக் களரியைத் தொடங்கியிருந்த ஜி. சங்கரப் பிள்ளையின் அனுபவமும் துணை நின்றது. அந்தப் பக்கம் அவர் ‘களரி’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்கத் தக்கது. அந்தச் சொல்லில் மண்தரையும் உடம்பும் இருக்கின்றன.

70 நாள். சுவாமிகளின் கம்பெனியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நான் படித்த 12 வாரங்களைவிடவும் ஏறக்குறைய இரண்டு வாரம் குறைவு. ஆனால் அது முடிந்தபின் நடந்தவற்றைப் பாருங்கள். அங்கே பயின்ற மு. இராமசாமி 1978-இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைக் கண்டார். அதே வருடம் சென்னையில் ஞாநியின் பரீக்ஷா. 1980-இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து பட்டறை நடத்தியபோது அவரிடம் கற்க இந்தக் குழுக்களின் ஆட்கள் தயாராக இருந்தார்கள். இராமானுஜம் திருச்சூருக்கும் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அவருடைய ‘நாடகப் படைப்பாக்கம்: அடித்தளங்கள்’ 1994-இல்தான் வந்தது. முதலில் ஆட்கள், பிறகு புத்தகம். சம்பந்த முதலியாரிடம் பார்த்த அதே வரிசை.

யாழ்ப்பாணத்திலும் இதே வருடங்கள். கொழும்பில் நாடகத்தில் பட்டயப் படிப்பு முடித்துத் திரும்பிய ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளவில்லை, கற்றதை உடனே மற்றவர்கள் கையில் கொடுத்தார். அந்த வழியில்தான் 1985-இல் ‘மண் சுமந்த மேனியர்’ வந்தது, போர் சூழ்ந்த ஒரு மக்களுக்குத் தங்கள் துயரத்தைக் கூடி நின்று பார்க்க ஓர் இடமாக. அங்கே இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ‘நாடகமும் அரங்கியலும்’ தேர்வுக்குரிய ஒரு பாடம்.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. நாடகப் பாடம் ஒன்றை அளக்க வேண்டிய கோல், அதில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதல்ல. முடிந்தபின் என்ன எஞ்சியது என்பது. அண்ணாவியாரின் பாடம் முடிந்தபின் எஞ்சியது ஓர் ஊர். கம்பெனி கலைந்தபின் எஞ்சியது இன்னொரு கம்பெனி. காந்திகிராமத்துக்குப் பின் எஞ்சியவை குழுக்கள். என் பி.ஏ.வுக்குப் பின் எஞ்சியது ஒரு சான்றிதழும், கருத்துச் சொல்லும் பழக்கமும்.

5

இனி அந்த 12 வாரங்களுக்கு வருகிறேன்.

அநீதி செய்யக் கூடாது. நான் நிறையக் கற்றேன். மேடையின் முன்பகுதியை ஆங்கிலத்தில் ஏன் ‘கீழ்’ என்றும் பின்பகுதியை ‘மேல்’ என்றும் சொல்கிறார்கள் என்று 30 வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்தன. ‘ஈடிபஸ்’ நாடகத்தை ஒரு பதிவில் பார்த்தபோது, கோரஸ் என்பது பாட்டல்ல, நின்றுகொண்டிருக்கும் ஒரு கூட்டம் என்று முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். ‘சிலப்பதிகார’த்தின் அரங்கேற்று காதைக்குத் திரும்பிப் போனேன். அதில் அரங்கம் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது 24 பெருவிரல் அளவு. மூன்று விதத் திரைகள். மனித விரலால் அளந்து கட்டிய மேடை. அங்குலம் என்பதும் விரலின் அகலம்தான். என் அரங்கின் அளவு, ஆக, ஆறு விரல்.

அந்த ஆறு விரல் அரங்குக்குள் 30 பேருக்கு மேல் இருந்தோம். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அண்ணாவியாரின் களரியில் பெண்ணுக்கு இடமிருந்ததில்லை. பாலர் கம்பெனியில் பெண் வேஷம் இருந்தது, பெண் இல்லை. 70 நாள் வீட்டை விட்டு வந்து தங்க எத்தனை பெண்களால் முடியும்? எத்தனை குமாஸ்தாக்களுக்கு விடுப்புக் கிடைக்கும்? எங்கள் வகுப்பில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அடுக்களையில் மொபைலைச் சாய்த்து வைத்துக்கொண்டு கலந்துகொள்வார். குக்கர் விசில் அடிக்கும்போது மைக்கை அணைப்பார். குரல் பயிற்சியில் அவருடையதுதான் வகுப்பிலேயே நல்ல குரல். இதுவரை நான் போற்றிய எந்தப் பள்ளியும் அவருக்குக் கதவு திறந்திருக்காது. திரை திறந்தது. இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் ‘உடம்பில்லாத நாடகம் நாடகமா’ என்று முழங்குவது எளிது. உடம்பைக் கொண்டுவர முடிந்தவர்கள் முழங்குவது.

ஆனாலும் ஐந்தாவது வாரம் ஒன்று நடந்தது. இருவர் இருவராகப் பிரித்து ஒரு சிறு காட்சியைப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஜோடி அந்தத் தூத்துக்குடிப் பெண். நான் என் வரியைச் சொன்னேன். அவர் குரல் வந்து சேர அரை விநாடி ஆயிற்று. அந்த இடைவெளியை அவருடைய தயக்கம் என்று எண்ணி நான் அடுத்த வரியைச் சொல்ல, இரு குரல்களும் மோதின. மன்னிக்கவும் என்றேன். அவரும் அதே கணத்தில் மன்னிக்கவும் என்றார். அதுவும் மோதியது. இன்னொரு விஷயம்: அவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமானால் நான் காமிராவைப் பார்க்க வேண்டும், காமிராவைப் பார்த்தால் அவர் கண் தெரியாது. நான் பார்ப்பதாக அவர் உணரும்போது நான் அவரைப் பார்க்கவில்லை. “எதிரே நிக்கவனுக்க மூச்சப் பாக்கணும்.” பெரியவரின் ஆசான் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தது எதை என்று எனக்கு அந்த மாலையில் புரிந்தது. புரிந்தது மட்டும்தான், கற்றதாகாது.

கடைசிப் பயிற்சியான தனிமொழியை மொட்டைமாடியில் பதிவு செய்தேன். தென்னையோலைச் சத்தம் வசனத்தை மூடிவிட்டது என்று நான்கு முறை திரும்பப் பேசினேன். நான்காவது முறை முடித்துத் திரும்பினால், அடுத்த மாடியில் இரண்டு சிறுவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஒருவன் கேட்டான்: “மாமா, அந்த ஆளு செத்துட்டானா?” நான் பேசிய ஆள் சாகவில்லை. அவர்களுக்கு அப்படிப் பட்டிருக்கிறது. பதிவுக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. மதிப்பிட்டவர் உச்சரிப்பைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதியிருந்தார். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் அதை வைக்க முடியாது. பேக்கர் தன் பார்வையாளர்களிடம் எழுதி வாங்க முயன்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

12-ஆவது வாரம் முடிந்தது. சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. வகுப்புக்குள் நுழையும் இணைப்பு அடுத்த நாள் வேலை செய்யவில்லை. நாங்கள் நான்கு பேர் மட்டும் ஞாயிறு இரவுகளில் போனில் கூடி நாடகங்களை வாய்விட்டு வாசித்தோம். ஊர் மெல்லத் திறந்தது, வேலைகள் திரும்பின. 2021 ஜனவரிக்குள் அதுவும் நின்றது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவருக்கொருவர் வராமலிருக்க எங்களுக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை, அதுதான் காரணம். களரிக்கு வராதவனை ஊர் விசாரிக்கும். திரைக்கு வராதவன் ஒரு கறுப்புச் சதுரம்.

ஆகவே என் முடிவு, திரை வழியே நாடகம் கற்க முடியாது என்பதல்ல. அது நாம் நூறு வருடமாகப் படித்துவந்த புத்தக நாடகத்தின் நேர் வாரிசு. அந்த வம்சத்தில் அது உயர்ந்த பிள்ளை. புத்தகம் காட்டாததைக் காட்டுகிறது, புத்தகம் தொடாதவர்களைத் தொடுகிறது. ஆனால் அது வாசல்வரைதான் கொண்டுவிடும். வாசலையே வீடு என்று எண்ணும் பழக்கம் நமக்கு உண்டு. பரிதிமாற் கலைஞரின் இலக்கணத்தையும் சுந்தரம் பிள்ளையின் செய்யுளையும் வைத்துக்கொண்டு நாம் செய்தது அதுதான். இப்போது திரையை வைத்தும் அதையே செய்வோம், கவனமாக இல்லாவிட்டால்.

சென்ற வருடம் முதல் குளச்சலில் நாங்கள் மூன்று பேர் மாதம் இருமுறை கூடுகிறோம். ஒரு பள்ளி ஆசிரியை, வலைக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், நான். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே வாசிக்கிறோம். குழு என்று சொல்ல இன்னும் துணிவு வரவில்லை. இளைஞர் இரண்டு தடவை வராமல் இருந்தார். மூன்றாம் தடவை ஆசிரியை அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு வந்தார்.

போன மாதம் பெரியவர் கணக்குப் புத்தகத்தோடு வந்தார். அவராகக் கேட்கவில்லை. நானே சொன்னேன், இப்போது எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று. பதிவு போட்ட புத்தகத்தை வாங்கிக்கொண்டு, “அப்பம் இனி படிக்கலாம்” என்றார்.